முதியோர் மறுவாழ்வில் முதுநிலைப் படிப்பு: கடலூரில் இருந்துகொண்டே படித்தவரின் மதிப்பீடு

தளர்ந்துபோன முதியவர்களை மீண்டும் நடமாட வைக்கும் துறையான முதியோர் மறுவாழ்வில் முதுநிலைப் படிப்பு படிக்கலாமா என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள் பலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். பிரிட்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் இணையவழியில் பகுதி நேரமாக நடத்தும் படிப்பைப் பகலில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து அண்மையில் முடித்தவன் என்ற முறையில், அவர்கள் அனைவருக்குமாக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறைகளைப் படிப்பை நடத்தும் துறைக்கே எழுதி அனுப்பிவிட்டேன். மேலும், நான் சொல்லவிருப்பவற்றில் பெரும்பகுதி அந்நாட்டிலிருந்து நடத்தப்படும் இவ்வகைப் படிப்புகள் எல்லாவற்றுக்குமே பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுமை அடைந்த உடலைப் பற்றி இப்படிப்பு கற்றுத் தருவது மிக உயர்ந்த தரத்தில் இருக்கிறது. அந்த உடல் நடமாடும் வீட்டைப் பற்றி அது சொல்வது மட்டும் நம் ஊருக்குப் போதவில்லை. அந்தப் பாதியைப் படிப்பவரே தேடி நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அமைப்பு. பிரிட்டனில் முதுநிலைப் படிப்புகள் மதிப்பலகுக் கணக்கில் நடக்கின்றன. 60 அலகுகள் முடித்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்தால் முதுநிலைப் பட்டயம், ஆய்வேட்டுடன் சேர்த்து 180 முடித்தால் முதுநிலைப் பட்டம். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை படித்தது வீணாகாது என்பது குடும்பப் பொறுப்புள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஓர் அலகுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. ஆக, 20 அலகுகள் கொண்ட ஒரு பாடத் தொகுதி 200 மணி நேர வேலை. விளம்பரத்தில் இதைப் படிக்கும்போது மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அந்த நேரம் முழுவதும் தேவைப்படுகிறது. நேரடிக் கலந்துரையாடல்கள் அங்கே மாலை 6 மணிக்குத் தொடங்கும். அது நமக்குக் கோடைக்காலத்தில் இரவு 10.30, அக்டோபர் இறுதியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு இரவு 11.30. மறுநாள் காலை 7 மணிக்கு வீட்டுச் சிகிச்சைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத் தொகுதி இத்துறையின் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கிறது. தேர்வுக்காக ஒப்புக்குச் சொல்லும் வரலாறாக இல்லாமல், இன்றைய நடைமுறைக்கு அடிப்படை எங்கே இருக்கிறது என்று காட்டும் வகையில் அதை வடிவமைத்திருக்கிறார்கள். 1935ஆம் ஆண்டு லண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, அடுத்திருந்த ஏழைகள் விடுதியின் மருத்துவப் பிரிவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அங்கே கைவிடப்பட்டவர்களைப் போலப் படுக்கையில் கிடந்த நூற்றுக்கணக்கான முதியவர்களின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, வகைப்படுத்தி, எழுந்து நடக்கப் பயிற்சி அளிக்கச் செய்தார். தீராத நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டிருந்தவர்களில் பலர் வீடு திரும்பினர். முதுமையே நோய் அல்ல, படுக்கையில் விட்டுவிடுவதுதான் நோயை வளர்க்கிறது என்ற இத்துறையின் அடிப்படைக் கருத்து இப்படித்தான் உருவானது. இதே பாடத்தில் நம் பக்கத்து வரலாறு ஒரு வரிகூட இல்லை என்பது வருத்தம். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கக் காரணமாக இருந்தவர் மருத்துவர் வ. செ. நடராஜன், 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான பட்ட மேற்படிப்பும் வந்தது. நம் மாணவர்கள் வாரனோடு இவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்படிப்பின் உச்சம் என்று நான் கருதுவது தசை வலிமை பற்றிய தொகுதி. இதற்காக மட்டுமே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம் என்பேன். நம் பகுதிச் சிகிச்சையகங்களில் எழுபது வயதைத் தாண்டியவர் முழங்கால் வலியோடும் தள்ளாட்டத்தோடும் வந்தால் என்ன நடக்கிறது? வெந்நீர் ஒத்தடம், பிறகு நோயாளிகள் மொழியில் 'கரண்ட் வைப்பது', கடைசியில் படுத்தவாறே காலைப் பத்து முறை தூக்கி இறக்குவது. வயதாகிவிட்டது, மெதுவாகச் செய்யுங்கள் என்று கனிவோடு சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தக் கனிவினால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை என்பதை இத்தொகுதி ஆதாரங்களோடு நிறுவுகிறது. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு 8 வாரங்கள் கடினமான எடைப் பயிற்சி அளித்தனர். ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 விழுக்காடு வரை ஏற்றினார்கள். பயிற்சியை முடித்த 9 பேரின் தொடைத் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இதன் மறுபக்கத்தையும் பாடம் காட்டுகிறது: 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்கள் 10 நாள்கள் படுக்கையிலேயே இருந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசையை இழந்தார்கள். காய்ச்சலுக்காகப் பத்து நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பிய பாட்டி ஏன் நடக்க மறுக்கிறார் என்பதற்கு 'பிடிவாதம்' என்று குடும்பம் சொல்லும் காரணம் எவ்வளவு தவறானது என்பது இங்கே விளங்கிவிடுகிறது.

படித்ததை மறுவாரமே செயல்படுத்த முடிந்தது இத்தொகுதியின் சிறப்பு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்பது ஒரு சோதனை. ஆசிய நாடுகளுக்கான 2019ஆம் ஆண்டு வரையறைப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலியக்கத் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். ஒரு நாற்காலியும் கைப்பேசியும் இருந்தால் கடலூர் முதுநகரில் உள்ள சின்னஞ்சிறு வீட்டில்கூட இதைச் செய்துவிடலாம். கைப்பிடி வலிமையை அளக்கத் தனிக் கருவி வேண்டும். அதே வரையறை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்று கோடு போடுகிறது. அந்தக் கருவியின் விலை தனியாகத் தொழில் செய்பவருக்குச் சற்றே அதிகம். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன்.

கீழே விழுதல் பற்றிய தொகுதியும் நன்றாக இருந்தது. அதில் என் அன்றாட வேலையை மாற்றியது ஒரு சிறிய பழக்கம். படுத்த நிலையில் ரத்த அழுத்தத்தை அளந்து, எழுந்து நிற்கச் செய்து, 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மீண்டும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அவர் விழுவதற்கு மருந்தோ நீர்ச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். அவருக்கு நான் அளிக்கும் சமநிலைப் பயிற்சியால் மட்டும் அது தீராது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சித்திரை வெயிலில், ரத்த அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு, அடிக்கடி கழிப்பறைக்கு எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் பகுதியில் ஏராளம். 'காலையில் எழுந்தால் கிறுகிறுப்பாக இருக்கிறது' என்று அவர்கள் சொல்வதைக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பல காலம் கருதி வந்த நம் வழக்கம் மாற வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் திடீர் மனக்குழப்பத்தை மறதி நோயிலிருந்து பிரித்தறிவது பற்றிய பாடமும் பயனுள்ளதே. ஆனால் அங்கே தரப்படும் நினைவாற்றல் சோதனைகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனத்தில் வைத்து உருவானவை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியிடம் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிவிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது.

இனி குறைக்கு வருகிறேன். உலகமெங்கும் பயன்படும் அளவுகோல்கள் இரண்டை இப்படிப்பு முதன்மையாகக் கற்பிக்கிறது. அன்றாடச் செயல்களை 100 மதிப்பெண்ணுக்கு அளக்கும் பார்த்தெல் அட்டவணை ஒன்று. சமநிலையை 14 செயல்கள் வழியே 56 மதிப்பெண்ணுக்கு அளக்கும் பெர்க் அளவுகோல் மற்றொன்று. இரண்டும் பல்லாண்டு சோதிக்கப்பட்டவை, நம்பகமானவை. ஆனால் இரண்டிலும் தரையில் உட்கார்ந்து எழுவது என்ற ஒரு செயலே கிடையாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது இருக்கிறது, நாற்காலியிலிருந்து எழுவது இருக்கிறது, தரையில் கிடக்கும் பொருளை நின்றவாறு குனிந்து எடுப்பது இருக்கிறது. சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், அரிவாள்மனையில் காய் நறுக்குவதும், குத்த வைத்துக் கோலம் போடுவதும், நம் பழைய வகைக் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் அந்தத் தாள்களில் இல்லை. எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு ஏறத்தாழ 46 செ.மீ. உயரமுள்ள நாற்காலி வேண்டும் என்று பாடம் குறிப்பிடுகிறது. நான் போகும் கிராமத்து வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுவும் வந்தவர் உட்காருவதற்காக. வீட்டுப் பெரியவரின் வாழ்க்கை தரையில்தான் நடக்கிறது. ஆகவே, பார்த்தெல் தாளில் 90 வாங்கிய ஒருவர் வீட்டில் அறவே முடங்கிப் போயிருப்பதை நம்மால் இங்கே காண முடிகிறது.

இதை ஒரு நோயாளியை வைத்து விளக்கலாம். பண்ருட்டிப் பக்கத்துச் சிற்றூரில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்து வந்த ஒரு மூதாட்டி. வாசற்படியில் தடுக்கி விழுந்து இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிந்து, கம்பி பொருத்தி அனுப்பியிருந்தார்கள். 'கீழே உட்காரக் கூடாது' என்று மருத்துவமனையில் சொன்ன ஒரே வாக்கியத்தை வீட்டார் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டதால், எலும்பு கூடிப் பல மாதங்கள் ஆன பிறகும் அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. வாக்கரின் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, 'நான் பழையபடி குந்தி நாலு கொட்டை உடைக்கணும் தம்பி, சும்மா உக்காந்து சோறு திங்க ஒப்பல' என்றார். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டி அனுமதி வாங்கிய பின்னர், முதலில் உயரமான முக்காலி, பிறகு தாழ்ந்த முக்காலி, பிறகு மடித்த பாய், கடைசியில் வெறும் தரை என்று படிப்படியாக இறக்கினோம். தரையிலிருந்து எழும்போது முதலில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலைக்குத் திரும்பி, பிறகு நல்ல காலின் பாதத்தை முன்னே ஊன்றி, முக்காலியின் மேல் இரு கையையும் வைத்து உந்தி எழ வேண்டும். இந்த வரிசையை அவர் பேத்தி என்னைவிடப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். தொடையில் வலிமை ஏற்றாமல் இது நடந்திருக்காது. அதைப் படிப்புதான் எனக்குக் கொடுத்தது. முக்காலியும் பாயும் எந்தப் பாடத்திலும் இல்லை.

இந்த நோயாளியைப் பற்றி அவரது ஒப்புதலோடு எழுதிய கட்டுரையைத்தான் ஒரு தொகுதிக்கான ஒப்படைப்பாக அனுப்பினேன். தரையில் உட்காருவதை ஏன் இலக்காக வைத்தீர்கள், விழும் ஆபத்தைக் கூட்டாதா என்று பேராசிரியர் முதலில் கேட்டார். வீட்டின் வரைபடத்தையும் அவரது ஒரு நாள் வேலைகளின் பட்டியலையும் இணைத்து விளக்கம் அனுப்பியபோது, முழுமையாக ஏற்றுக்கொண்டதோடு, அடுத்த கலந்துரையாடலில் அதையே விவாதப் பொருளாகவும் வைத்தார். கேட்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதை அழுத்தமாகப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த வேலையை ஒவ்வொரு முறையும் மாணவரே செய்ய வேண்டியிருப்பது பாடத்திட்டத்தின் குறைபாடுதான்.

இன்னொரு பெரிய இடைவெளி, குழு. அங்கே இடுப்பெலும்பு முறிந்தவருக்கு 36 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை என்பது இலக்கு. அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே இயன்முறை மருத்துவர் அவரை எழுப்பி நிற்க வைக்கிறார். முதியோர் நல மருத்துவர், அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர், வீட்டுக்கு வரும் செவிலியர் என்று ஒரு வரிசையே பின்னால் நிற்கிறது. பாடங்கள் அனைத்தும் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நம் பக்கத்தில் விழுந்தவரை முதலில் புத்தூர்க் கட்டுக்குத் தூக்கிப் போய், வாரக்கணக்கில் ஆன பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுவருவதும் நடக்கிறது. வீட்டுக்குப் போகும் இயன்முறை மருத்துவர் ஒருவரே கழிப்பறையில் கைப்பிடி எங்கே பொருத்துவது என்று கொத்தனாருக்குச் சொல்லி, மாத்திரைச் சீட்டைப் படித்து, மருமகளின் களைப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் பிள்ளைகள் பிரான்சில் இருக்க, பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதிய தம்பதியருக்குப் பணம் குறையில்லை, கைபிடித்து நடத்த ஆள்தான் இல்லை. கடலோர மீனவக் கிராமத்தில் வீடு நிறைய ஆள்கள் இருப்பார்கள், சிகிச்சைக்குத் தொடர்ந்து செலவு செய்ய வழி இருக்காது. குடும்பப் பராமரிப்பாளர் என்ற தலைப்பில் ஒரே ஒரு வாரம் பாடம் நடத்திவிட்டு நகர்ந்துவிடுவது இந்த இரண்டு வீடுகளுக்கும் உதவாது.

இலக்கு நிர்ணயிக்கும் பாடத்திலும் இதே நிலைதான். நோயாளியிடம் நேரடியாகக் கேட்டு இலக்கை எழுத வேண்டும் என்பது அங்கே விதி, நல்ல விதி. இங்கே கேள்வியைப் பெரியவரிடம் கேட்டால் பதில் மகனிடமிருந்து வரும். மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதும் பண்பாகாது. பெரியவரோடு தனியாகத் தெருமுனை வரை நடந்துகொண்டே கேட்பது என்ற முறையை நான் கடைப்பிடிக்கிறேன். நடையையும் கணிக்கலாம், மனத்திலிருப்பதும் வெளியே வரும்.

நடைமுறைச் செய்திகள் சில. பல்கலைக்கழக நூலகக் கணக்கு வழியாக மருத்துவ ஆய்விதழ்களை முழுமையாகப் படிக்கக் கிடைப்பது பெரும் பேறு. படிக்கும் காலத்தில் அதை இயன்றவரை பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கட்டணம் பவுண்டில் இருப்பதால் ரூபாயின் மதிப்பு இறங்கினால் சுமை கூடும். தொகுதிவாரியாகக் கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். (IELTS) என்னும் ஆங்கிலத் தகுதித் தேர்வில் பெரும்பாலும் 6.5 அல்லது 7 மதிப்பெண் கேட்பார்கள். ஆய்வேட்டுக்கு அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இங்குள்ள ஒரு குழுவின் அனுமதியும் தேவைப்படும். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால் தலைப்பை முதல் ஆண்டிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. இந்தப் பட்டத்தால் அரசுப் பணியில் பதவி உயர்வு கிடைக்கும் என்றோ, கல்லூரியில் ஆசிரியர் பணிக்கு இதுவே போதும் என்றோ எண்ணிச் சேர வேண்டாம். அந்த நோக்கம் உள்ளவர்கள் இந்தியாவிலேயே இரண்டாண்டு முழுநேர இயன்முறை மருத்துவ முதுநிலைப் படிப்பில் சேருவதுதான் சரியான வழி.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், கல்லூரியை விட்டு வெளியே வந்து சில ஆண்டுகளாவது முதியவர்களைக் கையாண்டவர்களுக்கு என்பேன். குறிப்பாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களுக்கு வீடு வீடாகப் போகும் இயன்முறை மருத்துவர்களுக்கு இது பெரிதும் பயன்படும். ஒவ்வொரு நாளும் அவர்கள் பார்க்கும் வீடுகளே அவர்களுடைய ஆய்வுக்களம். படிப்பு முடித்த கையோடு வருபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நோயாளியின் வீட்டு வாசற்படியைப் பார்த்திராதவருக்குப் பாடத்தில் விடுபட்டது எது என்று தெரியாமலே போய்விடும்.

சேருவதற்கு முன்னால் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஒப்படைப்புகளையும் ஆய்வேட்டையும் நோயாளிகளின் வீடுகளை வைத்துச் செய்ய அனுமதிப்பார்களா, நம் நாட்டு வாழ்க்கைமுறைக்கேற்ப அளவுகோலில் செயல்களைச் சேர்த்து வாதிட்டால் அதற்கு மதிப்பெண் உண்டா என்பவையே அவை. இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் பதில் வந்தால் துணிந்து சேரலாம். மருத்துவமனைப் படுக்கையை வைத்துத்தான் எழுத வேண்டும் என்று பதில் வந்தால் வேறு பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள்.